அந்தக் காலம் அப்படி

முன்னோர் செய்த செயல்களை நாம் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? இன்று நம் கையில் உள்ள தராசிலா? அன்று அவர்கள் கையில் இருந்த தராசிலா? வரலாற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியர் எவரும் இந்தக் கேள்வியைத் தவிர்த்துச் செல்ல இயலாது. "சின்னஞ்சிறு பிள்ளைகளை நிலக்கரிச் சுரங்கத்தில் இறக்கி வேலை வாங்கினார்களே, அது தவறென்று அவர்களுக்குத் தெரியாதா, ஐயா?" என்று மாணவன் ஒருவன் எழுந்து கேட்பான். நாம் சொல்லும் விடை பெரும்பாலும் மூன்றே சொற்களில் முடிந்துவிடும்: "அந்தக் காலம் அப்படி." மாணவன் அமர்ந்துவிடுவான்; பாடமும் நகர்ந்துவிடும்.

இந்த மூன்று சொற்கள் எப்பொழுது உண்மை, எப்பொழுது வெறும் சாக்கு? இதனை ஆராய்வதற்குப் பிரிட்டனின் கால்வாய்களையும் தொடக்ககால இரயில் பாதைகளையும் எடுத்துக்கொள்கிறேன். காரணம் உண்டு. அவை இன்று பெருமைக்குரிய மரபுச் செல்வமாகப் போற்றப்படுகின்றன. அதே வேளையில், அவற்றை உருவாக்கியபோது நடந்தவை பற்றிய சாட்சியங்களும் எழுத்தில் இருக்கின்றன. புகழும் சாட்சியமும் ஒருங்கே கிடைக்கும் இடத்தில்தான் அறக்கேள்வியை நேர்மையாக எழுப்ப முடியும்.

வரலாற்றை மிகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்ஜ்வாட்டர் கோமகனின் வோர்ஸ்லி நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து மான்செஸ்டரை நோக்கி 1761ஆம் ஆண்டில் கால்வாய் திறக்கப்பட்டது. முறையான கல்வி பெறாத ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர், இர்வெல் ஆற்றின் மேலே ஒரு நீர்ப்பாலம் கட்டி, ஆற்றைக் கடந்து கால்வாயைக் கொண்டு சென்றார். மான்செஸ்டரில் நிலக்கரியின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதன் பிறகு நாடெங்கும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. 1825இல் ஸ்டாக்டன் - டார்லிங்டன் இரயில் பாதையும், 1830இல் லிவர்பூல் - மான்செஸ்டர் பாதையும் வந்தன. கால்வாய் வெட்டிய கைகளே இரயில் பாதையும் வெட்டின. நீர்வழி அமைப்போர் என்ற பொருளில் 'நேவிகேட்டர்' என்று அழைக்கப்பட்டு, பின்னர் அப்பெயர் குறுகி, அவர்கள் 'நவ்வி' ஆனார்கள். தமிழில் நவ்வி என்றால் இளமான். இந்த நவ்விகளோ மண்வெட்டியும் கடப்பாரையும் தள்ளுவண்டியும் கொண்டு மலையைப் பிளந்தவர்கள். 1847இல் இரயில் பாதை அமைப்பில் மட்டும் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர்.

அவர்கள் வெட்டிய கால்வாய்கள் இருபதாம் நூற்றாண்டில் சரக்குப் போக்குவரத்தை இழந்து, பல இடங்களில் தூர்ந்து கிடந்தன. 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றியது. தன்னார்வத் தொண்டர்கள் வார இறுதிகளில் சேற்றில் இறங்கி அவற்றை மீட்கத் தொடங்கினர். வேல்சு நாட்டில் டீ ஆற்றின் மேல் நிற்கும் பொன்ட்கசில்தே நீர்ப்பாலத்தை (அப்பெயருக்கு நம் நாக்கு சற்றுப் பழக வேண்டும்) 2009இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. இவற்றைக் கண்டு வியப்பதில் பிழையேதும் இல்லை. நானும் வியக்கிறேன். வியப்புக்குப் பின் என்ன என்பதே நம் கேள்வி.

இனி வூட்ஹெட் என்னும் இடத்துக்குப் போவோம். ஷெஃபீல்டையும் மான்செஸ்டரையும் இணைக்கும் இரயில் பாதைக்காகப் பென்னைன் மலைத்தொடரைத் துளைத்து ஒரு சுரங்கப் பாதை அமைக்கப்பட்டது. நீளம் மூன்று மைலுக்குச் சற்று மேல். 1838இல் தொடங்கிய வேலை 1845இன் இறுதியில் முடிந்தது. மரமில்லாத மேட்டு நிலம். மழையும் குளிரும் ஓயாத இடம். சாந்து பூசாத கற்சுவர்களின் மேல் புதர்ச்செடிகளைக் கூரையாக வேய்ந்த குடிசைகளில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தனர். கூலி ஒன்பது வாரங்களுக்கு ஒருமுறை. இடைப்பட்ட நாளில் வயிற்றை நிரப்ப ஒப்பந்தக்காரர்களின் தொடர்புடைய கடையில் கடன் வாங்க வேண்டும். அங்கே விலை அதிகம். தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் பெரியவர்களுக்கு இந்தக் கடைக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

பாறையை வெடி வைத்துத்தான் உடைக்க வேண்டும். கையால் துளையிட்டு, வெடிமருந்தைக் கொட்டி, அதன்மேல் களிமண்ணை வைத்து ஒரு கம்பியால் இடித்து இறுக்குவார்கள். இரும்புக் கம்பி கடினமான மணற்பாறையில் உரசினால் தீப்பொறி பறக்கும். கம்பியைப் பிடித்திருப்பவரின் முகத்துக்கு நேரே மருந்து வெடிக்கும். செம்புக் கம்பி பொறி கிளப்பாது. ஆனால் அதன் விலை கூடுதல். மென்மையானதால் விரைவில் வளையும், தேயும். அடுத்து, திரி. சாதாரணத் திரி எப்பொழுது வேகமாக எரியும், எப்பொழுது அணைந்ததுபோல் கிடந்து திடீரென்று பற்றும் என்று சொல்ல முடியாது. கார்ன்வால் வட்டாரத்தில் வில்லியம் பிக்ஃபோர்டு என்பவர் இதற்கு ஒரு மாற்றைக் கண்டறிந்து 1831இல் காப்புரிமை பெற்றிருந்தார். வெடிமருந்தை நடுவே வைத்து நூலால் முறுக்கி, நீர் புகாமல் பூச்சுப் பூசிய பாதுகாப்புத் திரி அது. ஒரே சீரான வேகத்தில் எரியும். பற்றவைத்தவர் கணக்குப் பார்த்து விலகிச் செல்லலாம். பிக்ஃபோர்டு சுரங்கத் தொழிலாளி அல்லர், தோல் வணிகர். தம் ஊர்ச் சுரங்கத்தினர் படும் துன்பத்தைக் கண்டு தாமே முயன்று இதனைச் செய்தார்.

வூட்ஹெட்டில் வேலை தொடங்கியபோது அந்தத் திரி ஏழாண்டுப் பழைய செய்தி. இருந்தும் அங்கே அது வழக்கில் இல்லை. ஆறாண்டுகளில் 32 பேர் இறந்தனர். ஏறத்தாழ 140 பேர் கடுங்காயமுற்றனர். சிறு காயங்கள் நூற்றுக்கணக்கில்.

1846இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இரயில் பாதைத் தொழிலாளர் நிலையை ஆராய ஒரு தேர்வுக்குழு அமைத்தது. வூட்ஹெட்டின் துணைப் பொறியாளர் வெலிங்டன் பர்டன் அக்குழுவின் முன் சாட்சியளித்தார். பாதுகாப்புத் திரியைப் பயன்படுத்தியிருக்கலாம் அல்லவா என்று கேட்கப்பட்டது. அவர் மழுப்பவில்லை. அது பாதுகாப்பானதாக இருக்கலாம், ஆனால் அதனால் நேரம் வீணாகும். அதனால் காக்கப்படும் உயிர்களுக்காக அத்தனை நேர இழப்பைத் தாம் பரிந்துரைக்க மாட்டார் என்ற பொருளில் விடையளித்தார். இசம்பார்ட் கிங்டம் புரூனல் என்ற புகழ்பெற்ற பொறியாளரும் அக்குழுவின் முன் வந்தார். அவர் அமைத்த பாக்ஸ் சுரங்கப் பாதையிலிருந்து, இரண்டாண்டுக்கும் குறைந்த காலத்தில் 131 பேர் கடுங்காயத்துடன் பாத் நகர மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட பட்டியல் அவரிடம் காட்டப்பட்டது. வேலையின் அளவையும் செலவான வெடிமருந்தையும் நோக்கும்போது அது சிறிய எண்ணிக்கையே என்று அவர் கருதினார்.

இங்கேதான் நம் மூன்று சொற்கள் வாசலில் வந்து நிற்கின்றன. அந்தக் காலம் அப்படி. பர்டன் தம் காலத்தின் பிள்ளை. அவரை நம் காலத்து அளவுகோலால் அளப்பது முறையாகுமா?

முறையன்று என்றே வைத்துக்கொள்வோம். நம் அளவுகோலை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, அந்தக் காலத்தின் அளவுகோலையே தேடுவோம். தேடினால் கிடைப்பது என்ன? பர்டனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நாம் அல்லேம். அவர் காலத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள். காயமுற்றோரைப் பற்றிக் கணக்கு வைத்தவர் வேலையிடத்து அறுவை மருத்துவர் ஹென்றி பாம்ஃபிரட். அங்குள்ள நிலையை வெளிப்படுத்தியவர்களுள் ஒருவர் மான்செஸ்டரைச் சேர்ந்த ஜான் ராபர்ட்டன் என்ற மருத்துவர். அந்த எண்களை எடுத்து, வாட்டர்லூ முதலிய போர்களில் வீரர்கள் மடிந்த விகிதத்தோடு ஒப்பிட்டு, இந்தச் சுரங்கப் பாதையின் விகிதம் போர்க்களத்தினும் மிகுதி என்று காட்டியவர் எட்வின் சாட்விக். எல்லாரும் அந்தக் காலத்தவரே. அதே ஆண்டில் அதே குழுவின் முன் சாட்சியளித்த சாமுவேல் மார்ட்டன் பீட்டோ என்ற பெரிய ஒப்பந்தக்காரர், வாரந்தோறும் ரொக்கமாகக் கூலி கொடுத்தும் கடைக் கணக்கு முறையை விலக்கியும் தொழில் நடத்தியவர். அவரும் அந்தக் காலத்தவரே.

ஆங்கிலக் கால்வாய்க் கடலுக்கு அப்பால் பார்த்தால் செய்தி இன்னும் தெளிவாகும். வூட்ஹெட் சுரங்கப் பாதையின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜோசப் லாக் என்ற பொறியாளரே பாரிசு - ரூவான் இரயில் பாதைக்கும் பொறியாளர். அங்கே வேலை செய்தவர்களிலும் பலர் ஆங்கில நவ்விகள். ஆனால் பிரெஞ்சுச் சட்டப்படி, வேலையில் ஒருவர் காயமுற்றாலோ இறந்தாலோ வேலை கொடுத்தவர் பொறுப்பேற்க வேண்டும். அதே பொறியாளர், அதே வகைத் தொழிலாளர், அதே ஆண்டுகள். காலம் ஒன்று, சட்டம் வேறு. ஆகவே, மாறுபட்டது காலம் அன்று.

இன்னும் நாற்பதாண்டு பின்னே செல்லலாம். பொன்ட்கசில்தே நீர்ப்பாலம் 1795இல் தொடங்கி 1805இல் முடிந்தது. நீளம் ஆயிரம் அடிக்கு மேல். உயரம் ஏறத்தாழ 126 அடி. கல் தூண்களின் மேல் இரும்புத் தொட்டியை வைத்து அதற்குள் நீரை ஓடவிட்டார்கள். தாமஸ் டெல்ஃபோர்டு தூண்களின் மேற்பகுதியை உள்ளீடற்றதாகக் கட்டுவித்தார். எடை குறையும் என்பது ஒரு காரணம். ஒவ்வொரு கல்லின் எல்லாப் பக்கமும் கண்ணுக்குத் தெரிவதால் வேலையில் ஏமாற்ற முடியாது என்பது மற்றொரு காரணம். பத்தாண்டு நடந்த அந்த வேலையில் தூணிலிருந்து விழுந்தவர் ஒருவரே என்றும், அதுவும் அவருடைய கவனக்குறைவினால் நேர்ந்தது என்றும் டெல்ஃபோர்டு எழுதி வைத்தார். (கவனக்குறைவு என்ற பழியை மறுத்துரைக்க இறந்தவருக்கு வாய்ப்பில்லை என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.)

ஒப்பீட்டில் நேர்மை தேவை. திறந்த வெளியில் எழுப்பும் பாலமும் மலையின் வயிற்றுக்குள் வெடி வைத்துச் செல்லும் சுரங்கப் பாதையும் ஒரே வகை ஆபத்துடையவை அல்ல. ஒன்றையும் முப்பத்திரண்டையும் அருகருகே எழுதித் தீர்ப்புச் சொல்வது கணக்குப் பாடம் ஆகலாம், அறம் ஆகாது. நான் ஒப்பிடுவது எண்ணிக்கையை அன்று. ஓர் உயிர் போனால் அதை எழுதி, அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் தமக்கு உண்டென்று டெல்ஃபோர்டு உணர்ந்தார். 1805இல் ஒருவர் உணர்ந்ததை 1845இல் உணர இயலவில்லை என்றால், குற்றத்தைக் காலத்தின் தலையில் ஏற்ற முடியாது.

அப்படியானால், 'அந்தக் காலம் அப்படி' என்பது எப்பொழுதுமே பொய்யா? இல்லை. அதே மலையில் அதற்கும் சான்று உண்டு. முதற் சுரங்கத்தின் அருகிலேயே 1847 முதல் இரண்டாவது சுரங்கப் பாதை தோண்டப்பட்டது. இம்முறை விபத்தில் இறந்தோர் மிகக் குறைவு. ஆனால் 1849இல் காலரா பரவி 28 பேர் மாண்டனர். காலரா நீரின் வழியே பரவுகிறது என்ற கருத்தை ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் முதன்முதலாக வெளியிட்டது அதே 1849ஆம் ஆண்டில்தான். அன்று அதை ஏற்றவர் சிலரே. கெட்ட காற்றினால் நோய் வருகிறது என்பதே பெரும்பாலோர் நம்பிக்கை. அந்த மேட்டு நிலத்தில் பொறுப்பில் இருந்தவர்களுக்கு இந்த உண்மை தெரிந்திருக்க வழியில்லை. அவர்கள் பொருட்டு நாம் 'அந்தக் காலம் அப்படி' என்று சொன்னால், அது உண்மை. குடிசைகளின் நெருக்கடிக்கும் அழுக்குக்கும் அவர்கள் பதில் சொல்லட்டும். நோயின் வழி அறியாமைக்கு அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அநீதி.

ஒரே மலை, சில ஆண்டு இடைவெளி. காலராவில் இறந்த 28 பேருக்குக் காலம் பொறுப்பு. வெடியில் சிதைந்தவர்களுக்கு, ஒரு திரியின் விலையையும் சில மணி நேரத்தையும் கணக்கிட்ட மனிதர்கள் பொறுப்பு. முன்னது அறியாமை, பின்னது அறிந்தும் செய்யாமை. இவ்விரண்டையும் ஒரே சொற்றொடரால் மூடுகிறோமே, அங்கேதான் நம் பாடம் பொய்யாகிறது. 'காலமறிதல்' என்று ஓர் அதிகாரத்துக்குப் பெயர் வைத்த மொழி நம்முடையது. காலத்தை அறிவது வேறு. காலத்தின்மேல் பழியைப் போடுவது வேறு.

மற்றோர் எதிர்வாதமும் உண்டு; அது சற்று வலுவானது. எல்லாக் காலத்திலும் யாரேனும் ஒருவர் மாறுபட்டுச் சிந்தித்திருப்பார். அந்த ஒருவரைக் காட்டி மற்ற எல்லாரையும் குற்றவாளி ஆக்கலாமா? சாட்விக் போன்ற அரிய மனிதரை அளவுகோலாக வைத்தால் சாதாரண மனிதன் எப்படித் தேறுவான்? இதற்கு என் விடை: சாட்விக் அப்படியொன்றும் தூய வெண்மையானவர் அல்லர். 1834இல் ஏழைகளுக்கான சட்டத்தை மாற்றி, உதவி கேட்டு வந்தவர்களைக் கடுமையான வேலையில்லங்களில் அடைப்பதற்கு வழிவகுத்த அறிக்கையை எழுதியவர்களுள் அவரும் ஒருவர். ஏழைகள் அவரை வெறுத்தனர். அத்தகைய கடின மனத்தவருக்கே வூட்ஹெட் பொறுக்கவில்லை. அதைக் காண்பதற்கு மகானாக இருக்கத் தேவையில்லை. கணக்குத் தெரிந்தவராக இருந்தால் போதும்.

அதோடு, 'அந்தக் காலம்' என்று நாம் சொல்லும்போது யாரை எண்ணுகிறோம்? பேனா பிடித்தவர்களை மட்டுந்தானே? இரும்புக் கம்பியைக் கையில் ஏந்திப் பாறை முன் நின்ற நவ்வியும் அந்தக் காலத்தில்தான் வாழ்ந்தார். அவருடைய மனைவியும் வாழ்ந்தாள். தன் கணவன் இறந்தது இயல்பு, காலம் அப்படி என்று அவள் எண்ணியிருப்பாளா? அவளுடைய கருத்தை எவரும் எழுதி வைக்கவில்லை என்பதால் அவளுக்குக் கருத்தே இல்லை என்றாகிவிடாது. ஒரு காலத்தின் மனச்சான்றை அக்காலத்து முதலாளிகளிடம் மட்டும் கேட்டறிவது, வழக்கில் ஒரு தரப்பின் வாக்குமூலத்தை மட்டும் படித்துத் தீர்ப்பெழுதுவதற்கு ஒப்பாகும்.

1846 தேர்வுக்குழு நல்ல பரிந்துரைகளையே செய்தது: விபத்துக்கு நிறுவனங்கள் பொறுப்பேற்க வேண்டும், கூலியை ரொக்கமாகக் கொடுக்க வேண்டும், குடியிருப்புகளை மேற்பார்வையிட வேண்டும். நாடாளுமன்றம் அவற்றைச் சட்டமாக்கவில்லை. வேலையில் நேரும் விபத்துக்கு இழப்பீடு வழங்கும் சட்டம் 1897இல்தான் வந்தது. இடையில் 51 ஆண்டுகள். இந்த ஐம்பத்தோராண்டையும் காலத்தின் குற்றம் என்று சொல்வோமானால், காலம் என்ற சொல்லுக்கு நாம் வேறு பொருள் தேட வேண்டியிருக்கும்.

பிரிட்டனில் வளர்ந்த இந்த இரயில் பாதைக் கலை, பிரிட்டிஷ் ஆட்சியோடு நம் மண்ணுக்கும் வந்தது. தைப்பிங்குக்கும் போர்ட் வெல்ட்டுக்கும் இடையே எட்டு மைல் நீளத்தில் முதல் பாதை 1885 ஜூன் 1இல் திறக்கப்பட்டது. அதற்குப் பின் தீபகற்பம் முழுதும் நீண்ட பாதைகளில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு பெரும்பங்கு என்பதை நம் மாணவர்கள் அறிவர். (சயாம் மரண இரயில் பாதை வேறு, அது போரின் கொடுமை. அதை இந்த வாதத்தோடு கலக்க நான் விரும்பவில்லை.) நம் பாட்டனார்களைப் பற்றிப் பேசும்போதும் அதே மூன்று சொற்களை நாமே சொல்லிப் பழகிவிட்டோம். கூலி குறைவா? அந்தக் காலம் அப்படி. காய்ச்சலில் செத்தார்களா? அந்தக் காலம் அப்படி. வூட்ஹெட்டில் வகுத்த வேறுபாட்டை இங்கும் வகுத்துப் பார்க்க வேண்டாமா? கொசுவினால் மலேரியா பரவுகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897இல் கண்டறிந்தார். அதற்கு முன்னர் இறந்தவர்களின் கணக்கு வேறு. பின்னர் இறந்தவர்களின் கணக்கு வேறு. இதை நம் மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட வரலாற்றுப் பாடமுறை ஆண்டு, பெயர், இடம், விளைவு என்ற வரிசையில் அமைந்தது. அவ்வரிசையைக் குறை கூற மாட்டேன். அது இல்லாமல் வரலாறு கதையாகிவிடும். ஆனால் 'விளைவு' என்ற தலைப்பின் கீழ் நிலக்கரி விலை குறைந்ததை எழுதும் மாணவன், 'அன்றே அறிந்திருந்தவை' என்று ஒரு தலைப்பையும் சேர்த்து எழுதப் பழகினால் நன்று. திரி 1831, சுரங்கம் 1838. இரண்டு ஆண்டுகளை அருகருகே எழுதினாலே போதும். ஆசிரியர் அறவுரை கூற வேண்டிய தேவையே எழாது.

லிவர்பூல் - மான்செஸ்டர் பாதையின் திறப்பு நாளான 1830 செப்டம்பர் 15இல், வில்லியம் ஹஸ்கிசன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 'ராக்கெட்' இயந்திரத்தில் சிக்கி இறந்தார். இரயிலால் நேர்ந்த மரணம் என்றவுடன் நூல்களில் முதலில் வரும் பெயர் அவருடையதே. அவர் இறந்த இடத்தில் நினைவுக்கல் உண்டு. அதே பாதையை அமைக்கும்போது இறந்த தொழிலாளர்களைத் தேடுவதற்குப் பழைய செய்தித்தாள்களைப் புரட்ட வேண்டும்.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. இங்கிலாந்தின் ஆட்லி என்ற ஊரின் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் வேறொரு நினைவுச் சின்னம் நிற்கிறது. பிராம்ஹோப் சுரங்கப் பாதையை 1845 முதல் 1849 வரை தோண்டியபோது 20க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர். ஒப்பந்தக்காரர், அவருடைய முகவர்கள், துணை ஒப்பந்தக்காரர்கள், தொழிலாளர்கள் ஆகியோர் தம் செலவில் அதை எழுப்பினர். சுரங்கத்தின் வடக்கு வாயில் எப்படி இருக்கிறதோ அதே வடிவில், கோபுரங்களுடன், சிறிய அளவில் கல்லில் அமைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில்தான் அமைத்தார்கள். அந்தச் சுரங்கத்தின் வழியே லீட்ஸ் நகருக்கும் ஹாரோகேட்டுக்கும் இடையில் இன்றும் இரயில்கள் ஓடுகின்றன.